உப்பின் கணக்கு அறிந்த அர்ஹீனியஸ்

பெரியோர் வரலாறு என்றவுடன் ஆண்டு மலர்களில் அரசியல் தலைவர்களும், புலவர் பெருமக்களும், அருளாளர்களுமே பெரும்பாலும் இடம் பெறுவர். அது முறையே. ஆயினும் இவ்வாண்டு மலர்க் குழுவினர் விஞ்ஞானத் துறையினர் ஒருவரைப் பற்றி எழுதித் தருமாறு பணித்தபொழுது, நம் காலனிப் பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் பெயரளவில் மட்டும் கண்டு, பரீட்சை முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்ற ஒருவரை நாம் தேர்ந்துகொண்டோம். ஸ்வீடன் நாட்டில் 1859-ஆம் ஆண்டு பிறந்து 1927-ஆம் ஆண்டு மறைந்த ஸ்வாந்தே அர்ஹீனியஸ் என்பார் அவர். கல்லூரிப் படியேறும் வாய்ப்பு நமக்குக் கிட்டவில்லை. மெட்ரிகுலேஷனோடு ரயில்வே உத்தியோகத்திற்கு வந்துவிட்டோம். ஆகவே இரசாயனத்தில் துறைபோகியோர் இக்கட்டுரையில் புதியதொன்றும் காண்பதற்கில்லை. ஏனையோர்க்கு இவ்வரலாறு சுவை பயக்கும் என்று நம்புகின்றோம்.

அர்ஹீனியஸ் ஆராய்ந்த பொருள் மிக எளியது, உப்புத் தண்ணீர். அதில் ஆராய என்ன இருக்கின்றது என்று கேட்பீர்கள். நம் இல்லத்தரசியர் மாவடு போடுகையில் ஒரு துளி நீரும் சேர்ப்பதில்லை. உப்பை இட்டுக் குலுக்கி வைத்தால் ஓரிரு நாள்களில் வடுக்கள் சுருங்கி, ஜாடியில் நீர் ஊறி நிற்கின்றது. கோடையில் நம் தெருவுக்கு வரும் குல்பிக்காரர் பனிக்கட்டியோடு கல்லுப்பைக் கலந்து பானையை நிரப்புகின்றார். வெறும் பனிக்கட்டியில் உறையாத பால் அக்கலவையில் இறுகிவிடுகின்றது. இவ்விரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நிகழ்ச்சிகள் என்றால் வியப்பாக இருக்கும். நீரில் ஒரு பொருளைக் கரைத்தால் நீரின் ஆவியழுத்தம் குறைகின்றது, கொதிநிலை ஏறுகின்றது, உறைநிலை இறங்குகின்றது, மெல்லிய சவ்வு ஒன்றுக்கு அப்பாலுள்ள நீரைத் தன்பால் இழுக்கும் தன்மையும் பிறக்கின்றது. இவற்றைத் தொகைசார் பண்புகள் என்பர். தொகை என்பது இங்கே எண்ணிக்கை. கரைந்தது இனிப்பா, கரிப்பா, உரமா, மருந்தா என்பது இக்கணக்கில் வாராது. எத்தனை துகள்கள் கரைந்துள்ளன என்பது ஒன்றே கணக்கு. யார்டில் நிற்கும் வாகன்கள் எத்தனை என்று மட்டும் எண்ணி வருமாறு அனுப்பப்பட்ட குமாஸ்தா, உள்ளே நிலக்கரியா கோதுமையா என்று பாராமல் எண்ணிக்கொண்டே போவதைப் போன்றது இது.

பிரான்ஸ் நாட்டுக் கிரனோபிள் நகரில் பேராசிரியராக இருந்த ரௌல்ட் என்பவர் 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எத்தனையோ பொருள்களைக் கரைத்து, கரைசல் எந்த உஷ்ணநிலையில் உறைகின்றது என்று பொறுமையோடு அளந்து வந்தார். இன்றைய அளவைகளில் கூறுவோம். 60 கிராம் யூரியாவிலும் 180 கிராம் குளுகோஸிலும் உள்ள மூலக்கூறுகளின் எண்ணிக்கை ஒன்றே. இவற்றில் எதனை ஒரு கிலோ நீரில் கரைத்தாலும் உறைநிலை ஏறத்தாழ 1.86 டிகிரி இறங்கும். இதே கணக்குப்படி சமையல் உப்பில் எடுக்க வேண்டியது 58.5 கிராம். அதைக் கரைத்தாலும் அதே 1.86 டிகிரிதான் இறங்க வேண்டும். ஆனால் இறங்குவதோ சுமார் 3.4 டிகிரி, ஏறக்குறைய இரு மடங்கு. கால்சியம் குளோரைடு போன்ற உப்புக்களை நீர்த்த கரைசலில் பார்த்தால் இறக்கம் மும்மடங்கை எட்டப் பார்க்கின்றது.

ஹாலந்து நாட்டு வாண்ட் ஹாஃப் என்னும் பேரறிஞர் இக்கரைசல்களுக்கெல்லாம் பொது விதி ஒன்றை 1885-இல் வகுத்தார். காற்றின் அழுத்தத்திற்கு எந்த விதியோ அதே விதி, கரைந்த பொருள் சவ்வின்மேல் காட்டும் அழுத்தத்திற்கும் பொருந்தும் என்று அவர் காட்டியது அக்காலத்தில் பெரும் புதுமை. ஆயினும் உப்புக்கள், அமிலங்கள், காரங்கள் ஆகிய மூவகையும் அவ்விதிக்கு அடங்கவில்லை. வாண்ட் ஹாஃப் நேர்மையாளர். அடங்காததை மறைக்காமல், அப்பொருள்களுக்கு மட்டும் ஐ என்னும் ஆங்கில எழுத்தால் ஒரு பெருக்கு எண்ணைச் சேர்த்துக்கொண்டார். உப்புக்கு அந்த எண் இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஏன் அப்படி என்பதற்கு அவரிடம் விடை இல்லை. கணக்கு நேராகாதபொழுது பேரேட்டில் ஒரு தாற்காலிகப் பதிவைப் போட்டு வைப்பதை உத்தியோகத்தில் உள்ள அன்பர்கள் அறிவர். விஞ்ஞானமும் சில வேளைகளில் அப்படித்தான் நடைபோடுகின்றது. அந்தப் பதிவை நேர்செய்தவரே அர்ஹீனியஸ்.

உப்சாலா நகருக்கு அருகிலுள்ள வீக் என்னும் இடத்தில் 1859 பிப்ரவரி 19-ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தையார் நில அளவையாளர். உப்சாலா சர்வகலாசாலைக்காக உழைத்தவர். அதன் பண்ணை நிலங்களை மேற்பார்த்து வந்தவர். குழந்தை பிறந்த மறு ஆண்டே குடும்பம் உப்சாலாவுக்குக் குடிபெயர்ந்தது. மூன்று வயதில் ஒருவர் துணையுமின்றித் தானே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டதாம் அக்குழந்தை. அதனினும் நம் மனத்தைக் கவர்ந்த செய்தி வேறொன்று. தந்தையார் கணக்குப் புத்தகங்களில் எண்களைக் கூட்டுவதை அருகிலிருந்து பார்த்துப் பார்த்தே சிறுவன் கணிதத்தில் வல்லவனானான். பிற்காலத்தில் மலை மலையான எண்களைக் கண்டு அவர் அஞ்சாமைக்கு வித்து அங்கே விழுந்தது என்று நாம் கருதுகின்றோம்.

எட்டு வயதில் நேராக ஐந்தாம் வகுப்பில் சேர்ந்தார். 1876-இல் பள்ளிப் படிப்பை முடித்த மாணவர்களுள் அவரே வயதில் இளையவர், திறமையிலும் முதல்வர். பதினேழாம் வயதில் உப்சாலா சர்வகலாசாலையில் புகுந்து, கணிதம், பௌதிகம், இரசாயனம் ஆகியவற்றைப் பயின்றார். அங்கே இரசாயனப் பேராசிரியர் கிளீவ். ஹோல்மியம், தூலியம் என்னும் தனிமங்களை 1879-இல் கண்டறிந்த புகழுடையார் அவர். ஆனால் அர்ஹீனியஸுக்கு அங்கே நடந்த போதனையில் நிறைவு உண்டாகவில்லை. 1881-இல் தலைநகராகிய ஸ்டாக்ஹோமுக்குச் சென்று, விஞ்ஞான அகாடமியில் பௌதிகத் துறைத் தலைவராக இருந்த எட்லுண்ட் என்பாரிடம் சேர்ந்தார். சொந்த ஊரில் பெயர்பெற்ற சர்வகலாசாலை இருக்க, அதை விட்டு வேறூர் சென்றதை உப்சாலாப் பெரியோர் எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

ஸ்டாக்ஹோமில் அவர் மேற்கொண்ட வேலை உப்புக் கரைசல்களில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கின்றது என்று அளப்பது. தூய நீரில் மின்சாரம் பாய்வது அரிது. உலர்ந்த உப்புக் கட்டியிலும் பாயாது. இரண்டும் சேர்ந்தால் நன்றாகப் பாய்கின்றது. மின்சாரத்தைச் சுமந்து செல்லும் துகள்களுக்கு அயனி என்று இங்கிலாந்தின் பாரடே முன்னரே பெயரிட்டிருந்தார். ஆனால் மின்சாரம் பாய்வதனாலேயே உப்பு பிளவுபடுகின்றது என்பது அன்றைய பொதுக் கருத்து. அர்ஹீனியஸ் கரைசலில் மேலும் மேலும் நீரைச் சேர்த்து அளந்தார். நீர் கூடக் கூட, அதே அளவு உப்பு முன்னைவிட மிகுதியாக மின்சாரத்தைச் சுமக்கின்றது என்று கண்டார். உப்போ அதே உப்பு. கூடியதோ வெறும் நீர். அப்படியானால் நீர் உப்புக்கு ஏதோ செய்கின்றது!

1883 மே மாதம் 17-ஆம் நாள் இரவு இதற்கு விளக்கம் அவர் உள்ளத்தில் உதித்தது. முழுவதையும் எண்ணி முடிக்கும் வரை அன்றிரவு தம்மால் உறங்க இயலவில்லை என்று பிற்காலத்தில் அவரே நினைவுகூர்ந்திருக்கின்றார். கரைசலில் உள்ள உப்பில் ஒரு பகுதி, மின்சாரம் பாய்வதற்கு முன்பே அதைச் சுமக்கத் தகுந்த நிலைக்கு வந்துவிடுகின்றது. நீர் கூடக் கூட அப்பகுதியும் கூடுகின்றது. அன்று அவர் அதைச் செயலுள்ள பகுதி என்றார்; மற்றதைச் செயலற்ற பகுதி என்றார். பிளவு என்ற சொல்லைத் துணிந்து கூற இன்னும் நான்கு ஆண்டுகள் ஆயின.

அக்காலத்தில் அவர் உப்சாலா சென்று கிளீவைக் கண்டு, மின்சாரம் பாய்வது குறித்துப் புதிய கொள்கை ஒன்று தம்மிடம் உண்டு என்று தெரிவித்தாராம். மிகச் சுவையான செய்தி என்று கூறிவிட்டு, அவ்வளவோடு விடைகொடுத்து அனுப்பிவிட்டாராம் பேராசிரியர். கொள்கைகள் நாள்தோறும் முளைத்து நாள்தோறும் மடிவன. சோதனை ஒன்றே நிலைப்பது என்பது கிளீவ் போன்ற பழைய தலைமுறையினர் எண்ணம். அதை முற்றும் தவறென்று நாம் கூறமாட்டோம். இரண்டு தனிமங்களைச் சோதனைச் சாலையில் உழைத்துப் பிரித்தெடுத்தவர், இருபத்து நான்கு வயது இளைஞரின் இரவு நேரச் சிந்தனையை உடனே தழுவிக்கொள்வார் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு?

1884-இல் அந்த ஆராய்ச்சியே டாக்டர் பட்டத்திற்கான நூலாக உப்சாலாவில் தரப்பட்டது. பிரெஞ்சு மொழியில் சுமார் 150 பக்கங்கள். அதில் 56 முடிபுகள். பௌதிகத்தார் அதை இரசாயனம் என்றனர். இரசாயனத்தார் பௌதிகம் என்றனர். இரு துறைகளுக்கு நடுவே பிறந்த குழந்தையைத் தம்முடையது என்று கூற ஒருவரும் இல்லை. நூலுக்கு நான்காம் தரம் கொடுத்தார்கள். சபையில் வினாக்களுக்கு விடையளித்து வாதிட்டமைக்கு மூன்றாம் தரம். பட்டம் கிடைத்தது, ஆனால் அத்தரத்தை வைத்துக்கொண்டு அந்தச் சர்வகலாசாலையில் விரிவுரையாளர் பதவிக்கு வழக்கப்படி ஆசைப்பட இயலாது. ஆசிரியத் தொழிலுக்கே கதவு அடைபட்டது போலாயிற்று. பள்ளியில் முதல்வராய் வந்தவருக்கு நேர்ந்த கதி இது. தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள்களில் நம் காலனி வீடுகள் சிலவற்றில் அடுப்பு மூட்டாமல் கிடப்பதைக் கண்டிருக்கின்றோம். உப்சாலாவில் அந்தத் தந்தையார் வீட்டில் அன்று என்ன நிலை இருந்ததோ!

அர்ஹீனியஸ் மூலையில் முடங்கவில்லை. நூலின் பிரதிகளை வெளிநாட்டு அறிஞர்களுக்கு அஞ்சலில் அனுப்பிவைத்தார். அவற்றுள் ஒன்று அன்று ருஷ்யப் பேரரசைச் சேர்ந்திருந்த ரீகா நகரத்தில் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்பவர் கையில் சேர்ந்தது. அவருக்கும் வயது முப்பதுதான். அமிலங்களுள் எது வலியது, எது மெலியது என்பதை அவை இரசாயன மாறுதல்களை எவ்வளவு விரைவாக நடத்துகின்றன என்பதைக் கொண்டு ஆஸ்ட்வால்ட் அளந்து வைத்திருந்தார். அர்ஹீனியஸின் நூலோ, மின்சாரத்தை நன்கு கடத்தும் அமிலமே வலிய அமிலமாக இருத்தல் வேண்டும் என்றது. ஒன்றையொன்று அறியாத இருவரின் எண்கள் ஒத்துப்போயின. ஆஸ்ட்வால்ட் கடிதத்தோடு நிற்கவில்லை. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் கடல் கடந்து உப்சாலாவுக்கே வந்து சேர்ந்தார். நான்காம் தரம் பெற்ற இளைஞரைப் பார்க்க வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் வருவது என்றால், கொடுத்த தரத்தைப் பற்றி உள்ளூரார் சற்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியுமா? ரீகாவில் தம்முடன் பணியாற்ற வருமாறு அவர் அழைத்தார். தந்தையாரின் உடல்நிலை நலிந்திருந்தமையால் அர்ஹீனியஸ் உடனே செல்லவில்லை. ஆண்டின் முடிவுக்குள் உப்சாலாவிலேயே விரிவுரையாளர் பதவி வழங்கப்பட்டது. 1885-இல் தந்தையார் காலமானார்.

மறு ஆண்டு எட்லுண்டின் ஆதரவால் விஞ்ஞான அகாடமியின் பயண உதவித் தொகை கிடைத்தது. ரீகாவில் ஆஸ்ட்வால்டிடமும், வுர்ஸ்பர்க் நகரில் கோல்ராஷிடமும், கிராஸ் நகரில் போல்ட்ஸ்மனிடமும், ஆம்ஸ்டர்டாமில் வாண்ட் ஹாஃபிடமும் அவர் தங்கிப் பணியாற்றினார். அக்காலத்தில் அத்துறையில் இவர்களினும் பெரியோர் சிலரே.

இப்பயணத்தினிடையேதான் வாண்ட் ஹாஃபின் கட்டுரை அவர் பார்வைக்கு வந்தது. அதை வெளியிட்டது ஸ்வீடன் நாட்டு அகாடமியே என்பது ஒரு வேடிக்கை. உப்புக்களுக்கு மட்டும் போட்டுவைத்த அந்தத் தாற்காலிகப் பெருக்கு எண்ணைக் கண்டதும் அர்ஹீனியஸுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தொகைசார் பண்பு என்பது எண்ணிக்கை அன்றோ? நூறு இணை உப்பைப் போட்டோம். இறக்கமோ ஏறத்தாழ இருநூறுக்கு உரியதாக இருக்கின்றது. அப்படியானால் கரைசலுள் இருப்பவை இணைகளல்ல. கொக்கி கழன்ற வாகன்கள் தனித்தனியே நிற்பது போல, சோடியம் தனியாகவும் குளோரின் தனியாகவும், ஒன்று நேர் மின்னேற்றமும் மற்றது எதிர் மின்னேற்றமும் கொண்டு உலவுகின்றன. கால்சியம் குளோரைடு மூன்றாகப் பிரிகின்றது, ஆகவே மும்மடங்கு. சர்க்கரையும் யூரியாவும் பிரிவதில்லை. ஆகவே மின்சாரத்தையும் அவை கடத்துவதில்லை. 1887 மார்ச்சில் இதை வாண்ட் ஹாஃபுக்குக் கடிதமாக எழுதினார்.

அதே ஆண்டு ஆஸ்ட்வால்டும் வாண்ட் ஹாஃபும் பௌதிக இரசாயனத்திற்கென்றே ஒரு சஞ்சிகையைத் தொடங்கினர். அதன் முதல் தொகுதியில் வாண்ட் ஹாஃபின் கட்டுரையும் அர்ஹீனியஸின் கட்டுரையும் வெளியாயின. அர்ஹீனியஸ் அங்கே செய்த வேலையைக் கணக்குத் தொழில் புரிவோர் நன்கு சுவைப்பர். ஒரு பொருளில் எத்தனை பங்கு பிளவுபட்டுள்ளது என்பதை மின்சார அளவுகளிலிருந்து கணக்கிட்டு, அதனால் பெருக்கு எண் என்னவாக வேண்டும் என்று ஒரு வரிசையில் எழுதினார். பனிக்கட்டி உறையும் அளவிலிருந்து, ரௌல்டின் சோதனைகளைக் கொண்டு, அதே எண்ணை மற்றொரு வரிசையில் எழுதினார். பொருள் பொருளாக இரண்டும் பெரும்பாலும் நெருங்கி நின்றன. ஒருவர் மின்கம்பி கொண்டு எழுதிய ஏடு. ஒருவர் உஷ்ணமானி கொண்டு எழுதிய ஏடு. ஒருவரை ஒருவர் கலந்துகொள்ளாமல் எழுதப்பட்ட இரு ஏடுகள் நேர்ப்பட்டால் தணிக்கை அதிகாரி வேறு என்ன கேட்பார்?

இரசாயனத் தணிக்கையாளர்களோ எளிதில் விடவில்லை. இங்கிலாந்தில் ஆர்ம்ஸ்ட்ராங், பிக்கரிங் முதலியோரும், ருஷ்யாவில் தனிம அட்டவணை கண்ட மெண்டலீவும் கடுமையாக எதிர்த்தனர். அவர்கள் கேட்ட கேள்வி எளிய மக்களும் கேட்கக் கூடியதே. சோடியம் என்பது நீரைத் தொட்டாலே சீறித் தீப்பற்றும் உலோகம். குளோரின் மூச்சை அடைக்கும் பச்சை நிற நச்சு வாயு. ஒரு குவளை உப்பு நீரில் இவையிரண்டும் பிரிந்து கிடக்கின்றன என்றால் அதை நாம் குடிப்பது எங்ஙனம்? மின்னேற்றம் பெற்ற சோடியம் வேறு, உலோகச் சோடியம் வேறு. அந்த மின்னேற்றமே குணத்தை முற்றும் மாற்றிவிடுகின்றது என்பது அர்ஹீனியஸ் கட்சியாரின் விடை. இன்று பள்ளிப் பிள்ளைகளும் கூறும் விடை இது. எலெக்ட்ரான் இன்னும் கண்டறியப்படாத அந்நாளில் இதை நம்புவதற்குத் துணிவு வேண்டியிருந்தது. அது கண்டறியப்பட்ட 1897-க்குப் பின்னரே எதிர்ப்பின் குரல் தளர்ந்தது.

1889-இல் உஷ்ணம் ஏற ஏற இரசாயன மாறுதல் விரைவதற்கு அவர் அமைத்த சூத்திரம் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1891-இல் ஸ்டாக்ஹோம் உயர்கல்லூரியில் விரிவுரையாளரானார். 1895-இல் அங்கேயே பேராசிரியரானார். அதுவும் மதிப்பீட்டாளர்களிடையே எதிர்ப்பு எழுந்து போராடிய பின்னரே. 1901-இல் விஞ்ஞான அகாடமியில் உறுப்பினரானபொழுதும் எதிர்ப்புக்குக் குறைவில்லை. அவ்வாண்டுதான் நோபல் பரிசு தொடங்கிற்று. இரசாயனத்தில் முதற் பரிசு வாண்ட் ஹாஃபுக்குச் சென்றது. அர்ஹீனியஸின் முறை 1903-இல் வந்தது. அப்பொழுதும் பழைய சிக்கல் விடவில்லை. அவர் பணி பௌதிகமா, இரசாயனமா? இரண்டிலும் பாதிப் பாதி கொடுக்கலாம் என்று கூட யோசித்தார்கள். முடிவில் இரசாயனப் பரிசே முழுமையாக வழங்கப்பட்டது. ஸ்வீடன் நாட்டார் ஒருவர் பெற்ற முதல் நோபல் பரிசு அதுவே. இரசாயனப் பரிசுக் குழுவில் அப்பொழுது அமர்ந்திருந்தவர்களுள் ஒருவர் யார் தெரியுமா? இருபது ஆண்டுகளுக்கு முன் விடைகொடுத்து அனுப்பிய அதே கிளீவ்.

இவ்வளவும் எழுதிய பின் மற்றொன்றையும் எழுதாமல் விடுவது நேர்மையாகாது. அகாடமியில் செல்வாக்குப் பெற்ற பின் அர்ஹீனியஸ் பிறர் தகுதியை எடைபோடும் இடத்தில் அமர்ந்தார். பௌதிகப் பரிசுக் குழுவில் வாழ்நாள் இறுதிவரை உறுப்பினராக இருந்தார். 1906-இல் இரசாயனப் பரிசுக்கு மெண்டலீவின் பெயர் வந்தபொழுது, தனிம அட்டவணை பழைய செய்தி என்று கூறி எதிர்த்தவர்களுள் இவரும் ஒருவர். பரிசு பிரான்ஸ் நாட்டு மோய்சானுக்குச் சென்றது. அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலேயே மெண்டலீவ் காலமானார். அயனிக் கொள்கையை மெண்டலீவ் எதிர்த்தமை இவர் மனத்தில் இருந்திருக்கும் என்று வரலாறு எழுதுவோர் ஐயுறுகின்றனர். நான்காம் தரத்தின் கைப்பை அறிந்தவர் பிறருக்குத் தரம் வழங்குகையில் தாராளமாக இருந்திருக்கலாகாதா என்று நம் மனம் கேட்கத்தான் செய்கின்றது.

அவர் கொள்கையும் முழுதும் பிழையற்றதன்று. உப்பில் ஒரு பகுதி பிளவுபடுகின்றது, ஒரு பகுதி இணைந்தே நிற்கின்றது என்று அவர் இறுதிவரை கருதினார். காடி போன்ற மெலிந்த அமிலங்களுக்கு அது சாலப் பொருந்தும். சமையல் உப்புக்குப் பொருந்தாது. 1913-ஐ ஒட்டி பிராக் என்னும் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களால் உப்புப் படிகத்தை ஆராய்ந்ததில், அதனுள் இணைகளே இல்லை. நேரும் எதிருமாக அயனிகளே மாறி மாறி அடுக்கப்பட்டுள்ளன என்பது புலனாயிற்று. கரையும்பொழுது உப்பு புதிதாகப் பிளவுபடுவதில்லை. அடுக்கு கலைகின்றது, அவ்வளவே. பெருக்கு எண் இரண்டுக்குச் சற்றுக் குறைவாக நிற்பதற்குக் காரணம், எதிரெதிர் அயனிகள் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முழு விடுதலையின்றித் திரிவதே. இதற்குக் கணக்கை டெபை, ஹியூக்கல் என்னும் இருவர் 1923-இல் வகுத்தனர்.

கொள்கை திருத்தம் பெற்றாலும் அதன் பயன் நம் இல்லங்கள் வரை வந்திருக்கின்றது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு ஏற்றும் பாட்டில்களைப் பார்த்திருப்பீர்கள். சலைன் என்றால் ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. குளுகோஸ் என்றால் ஒரு லிட்டரில் 50 கிராம். ஒன்பதும் ஐம்பதும் எங்ஙனம் ஒன்றுக்கு ஒன்று மாற்றாக முடியும்? 50 கிராம் குளுகோஸை 180-ஆல் வகுத்தால் சுமார் 0.28. 9 கிராம் உப்பை 58.5-ஆல் வகுத்தால் சுமார் 0.15, அது இரண்டாகப் பிரிவதால் 0.30. நம் இரத்தத்தின் அளவும் ஏறத்தாழ 0.3. ஆகவே இரத்த அணுக்கள் இரண்டிலும் நலமாக இருக்கின்றன. வெறும் தூய நீரை ஏற்றினால் அணுக்கள் உப்பி வெடித்துவிடும். உப்பு மிகுந்தால் ஜாடியிலிட்ட மாவடுவைப் போலச் சுருங்கிவிடும். பேதி கண்ட குழந்தைகளுக்குக் கரைத்துக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்திலும் இதே எண்ணிக்கைதான். லிட்டருக்கு 311 என்றிருந்த துகள் அளவை 2002-இல் உலக சுகாதார நிறுவனம் 245 என்று குறைத்தது. நீர்த்த கரைசலே குடலுக்கு எளிதாக ஏற்கின்றது என்று கண்டார்கள்.

தாய்மார்களுக்கு ஒன்று. உப்பிட்டால் நீர் மிகுந்த சூட்டில் கொதிக்கும், பருப்பு விரைவில் வேகும் என்று கூறுவோர் உளர். ஒரு லிட்டர் நீரில் 58 கிராம் உப்பைக் கொட்டினாலும் கொதிநிலை ஒரு டிகிரி அளவுதான் ஏறும். பருப்பை வாயில் வைக்க இயலாது. சுவைக்கு இடும் உப்பால் சூடு ஏறுவதாக எண்ண வேண்டுவதில்லை.

அர்ஹீனியஸின் பெயர் இக்காலத்தில் செய்தித்தாள்களில் அடிபடுவது உப்புக்காக அன்று, கரியமில வாயுவுக்காக. பழங்காலத்தில் ஐரோப்பாவைப் பனி மூடியது ஏன் என்னும் வினாவை எடுத்துக்கொண்டு, காற்றிலுள்ள கரியமில வாயு கூடினாலும் குறைந்தாலும் பூமியின் சூடு எவ்வளவு மாறும் என்று அவர் கணக்கிடத் தொடங்கினார். அப்பொழுதுதான் அவரது முதல் மணவாழ்க்கை குலைந்துகொண்டிருந்தது. கணக்குப்பொறி ஏதுமின்றி, ஒவ்வோர் அட்சரேகைக்கும் ஒவ்வொரு பருவத்திற்குமாக, பேனாவால் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் எண்களோடு அமர்ந்திருந்தார். தந்தையின் கணக்குப் புத்தகத்தருகே நின்ற சிறுவன் அங்கே நமக்குத் தென்படுகின்றான். 1896-இல் வெளியிட்ட முடிவு, அவ்வாயு இரு மடங்கானால் பூமி 5 அல்லது 6 டிகிரி சூடேறும் என்பது. இன்றைய விஞ்ஞானிகள் 3 டிகிரியைச் சுற்றி மதிப்பிடுகின்றனர். நிலக்கரி எரிப்பதால் இது நேர்வதற்கு நீண்ட நெடுங்காலம் செல்லும் என்றும், குளிர் நாட்டாருக்கு அது நன்மையே என்றும் அவர் எண்ணினார். அன்று காற்றில் பத்து லட்சத்திற்கு 300-க்குச் சற்றுக் குறைவாக இருந்த அவ்வாயு, 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது. ஸ்வீடனின் குளிரில் அமர்ந்து எண்ணியவருக்கு நன்மையாகத் தோன்றியது, மே மாதத்தில் இவ்வூர் வெயிலில் வாழ்கின்ற நமக்கு எவ்வாறு தோன்றும் என்று கூற வேண்டுவதில்லை.

1905-இல் பெர்லினிலிருந்து பேராசிரியர் பதவிக்கு அழைப்பு வந்தது. அவரை இழக்க விரும்பாத அகாடமி, ஸ்டாக்ஹோமில் பௌதிக இரசாயனத்திற்கென நோபல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவி அவரைத் தலைவராக்கிற்று. அவ்வாண்டே மரியா யோஹான்சன் என்னும் அம்மையாரை மணந்துகொண்டார். நட்சத்திரங்களின் பிறப்பு, நோய்த் தடுப்பின் இரசாயனம் என்று எதையும் விடாமல் எழுதினார். பொதுமக்கள் படிக்கத்தக்க நூல்களும் பல மொழிகளில் பெயர்க்கப்பட்டன. அந்நிலையத்தின் தலைமைப் பொறுப்பை 1927 வரை வகித்தார். அவ்வாண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தமது 68-ஆம் வயதில் ஸ்டாக்ஹோமில் காலமானார். உடலை உப்சாலாவுக்குக் கொண்டு சென்று அடக்கம் செய்தார்கள்.